வறுத்த மண்ணில் ஒரு பீர்க்கங்கொடி

"ஏனுங்க பண்டிதரே, சேந்தமங்கலம் சயின்ஸ் வாத்தியார் போயிட்டாருங்க. நேத்தே எடுத்துட்டாங்க." பஸ் கண்டக்டர் இப்படிச் சொன்னபோது சேலம் அம்மாபேட்டைக் கடைவீதியில் கத்தரிக்காய்ப் பையோடு நின்றிருந்தேன். பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

சயின்ஸ் வாத்தியார் அர்த்தநாரியும் தமிழ்ப் பண்டிதரான நானும் சேந்தமங்கலத்தில் ஒரே பள்ளியில் ஏழு வருஷம் வேலை பார்த்தோம். மனிதன் என்றைக்காவது செவ்வாய்க் கிரகத்துக்குப் போவான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. "போறது பெரிசில்லீங்க. போயி என்னத்தைத் திங்கறது?" என்பதே அவர் கவலை. "ஜாதகத்துல செவ்வாய் இருந்தாலே பொண்ணு குடுக்க யோசிக்கறாங்க, நீங்க அங்கயே குடித்தனம் போறீங்களே!" என்பேன். அவரும் சிரிப்பார்.

அங்கே மண்ணில் உயிர் இராது என்று, ஓடை மண்ணை மூன்று நாள் இரும்புச் சட்டியில் வறுத்துத் தொட்டியில் நிரப்பினார். காய்ச்சி ஆறிய தண்ணீரையே ஊற்றினார். பீர்க்கு விதை நான் கொடுத்தது. கொடி ஏறிப் பூ வைத்ததும் பள்ளி முழுவதையும் அழைத்துக் காட்டினார். பத்திரிகைக்கும் எழுத உட்கார்ந்தார்.

என் வாய் சும்மா இருந்ததா? நம் பக்கத்தில் விதையைச் சாணத்தில் பொதிந்து சுவரில் அப்பித்தானே காயவைப்போம். அந்த வறட்டியோடு அப்படியே ஊன்றியிருந்தார்; வறுத்த மண்ணுக்குள் சாண உரம் போய்விட்டது. ஆசிரியர் அறையில் அத்தனை பேர் நடுவிலும், "செவ்வாய்க்கு எங்க ஊட்டு மாடு முன்னாலயே போயிருச்சுங்க!" என்றேன். அறையே சிரித்தது. அவர் எழுதியதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கவனிக்காம உட்டுட்டனுங்க" என்றார். அதன்பின் என்னிடம் செவ்வாயைப் பற்றிப் பேசவேயில்லை. யுத்தம் ஆரம்பித்த புதிதில் நான் சேலத்துக்கு மாற்றலாகி வந்துவிட்டேன்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி கொல்லைக்குக் கூட்டிப் போனார். வரிசையாக வறுத்த மண் தொட்டிகள்.

"விதையை ஏழு தண்ணி கழுவி நடுவாருங்ணா. ரெண்டு எலை உட்டுப் பழுத்துப் போகும். செத்த செடியை அதே மண்ணுல புதைச்சு மறுக்கா நடுவாரு. 'மொதல்ல போறவன் திங்கமாட்டான், மண்ணைப் பண்ணி வச்சுட்டுச் சாவான்'னு சொல்லுவாரு. போன தையில ஒரே ஒரு காய் காய்ச்சுது. உங்ககிட்டக் காட்டோணும்னு துண்டுல சுத்திட்டுச் சேலம் பஸ் ஏறினாரு. உங்க தெரு முக்கு வரைக்கும் வந்துபோட்டுத் திரும்பிட்டாருங்ணா. 'பண்டிதர் சிரிப்பாரு'ன்னாரு."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவரை அறிந்தவர்களே, உயிரற்ற மண்ணில் அர்த்தநாரி காய் விளைவித்துவிட்டார். இதை உங்களுக்கு அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். என் தெரு முனையில் துண்டில் சுற்றிய காயோடு நிற்கும் அர்த்தநாரிதான் எனக்கு மிச்சம். கேலி பேச நான் வாயெடுக்கும்போதெல்லாம் அவர் திரும்பி நடக்கிறார்.