வெர்னா வெட்டிப்போட்ட காட்சி

வெர்னா ஹுடக்கைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் அவளே சிரிப்பாள். "என்னைப் பத்தி எழுத என்னடி இருக்கு? கத்திரியும் கையுமா இருந்தேன், கண்ணு போச்சு. அவ்வளவுதான்" என்பாள். அமெரிக்காவின் பழைய எஃகு ஊரான யங்ஸ்டவுனில் எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகப் படம் வெட்டியவள் அவள். நான், டெஸ் பெட்ரெல்லா, முன்னறையில் தொலைபேசி எடுத்தவள். அவள் வெட்டியதற்கெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான்.

சனிக்கிழமை மதியம் எங்கள் நிலையத்தில் பேய்ப் படம். கம்பள வியாபாரி விளம்பரம் கொடுப்பார், கார் வியாபாரி கொடுப்பார், அதற்கெல்லாம் இடம் வேண்டும். ஆகவே எந்தப் படம் வந்தாலும் வெர்னா அதில் கொஞ்சம் கத்திரித்து, மிச்சத்தை ஒட்டித் தருவாள். ஒட்டியது தெரியவே தெரியாது. அந்தப் படங்களில் ஊரே காத்திருந்தது ஒன்றுக்குத்தான். பௌர்ணமியில் ஓநாயாக மாறுகிற ஒருவனும், கல்லறையிலிருந்து எழுந்த, துணி சுற்றிய எகிப்தியப் பிணமான மம்மியும் மோதுகிற பழைய கறுப்பு வெள்ளைப் படம். வருடத்துக்கு ஒரு முறை, அக்டோபர் கடைசியில் போடுவோம். கடைசியில் அவை மோதுகிற உப்புச் சுரங்கம் இடிந்து இரண்டும் மண்ணுக்குள் போய்விடும். யார் ஜெயித்தது என்று யாருக்கும் தெரியாது.

தெரியாமல் இருந்ததை அப்படியே விட்டிருக்கலாம். எங்கள் வானிலை வாசிக்கும் ஆள் கறுப்புப் போர்வை போர்த்திக்கொண்டு வந்து, "யார் ஜெயித்தது? கூப்பிட்டுச் சொல்லுங்கள்" என்று அறிவித்துவிட்டுத் தன் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார். அப்புறம் என் காது என் காதாக இருக்காது.

"ஏம்மா, ஓநாயா மாறுறப்போ சட்டை கிழியுது, பேன்ட் மட்டும் கிழியலையே. எந்தக் கடைல வாங்கினான்னு கேட்டுச் சொல்லு. என் பசங்களுக்கு வேணும்."

"மம்மி முதுகுல ஜிப் தெரியுது. நான் பார்த்தேன். என் பொண்டாட்டியும் பார்த்தா."

"மொத்தப் படமும் காக்க வச்சு ரெண்டு நிமிஷம் சண்டை போடுறானுங்க. இதுக்கு என் மச்சினனும் மாமியாரும் போடுறதே தேவலாம்."

ஆனால் ஒரு விஷயத்தில் ஊர் முழுக்க ஒரே கருத்து. அந்த ஓநாய் ஒரு சிடுமூஞ்சி. மம்மி பாவம், தன் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்து கல்லறையை உடைத்து வம்புக்கு இழுத்தவன் இவன். என்ன காரணம் என்று படத்தில் எங்கேயும் இல்லை. எஃகு ஆலையில் வேலை பார்த்த எமில், வெர்னாவின் புருஷன், நிலையத்துக்கே கூப்பிட்டு என்னிடம் சொல்வார். "டெஸ், எழுதிக்கோ. மம்மி கட்சி நான். தூங்குறவனை எழுப்புறவன் மனுஷனா?" அவருக்கு அப்போது இரவு ஷிஃப்ட். பகலில் எழுப்பினால் வீடே அதிரும்.

ஆலை மூடியது. நிலையம் கைமாறி, எங்களை வீட்டுக்கு அனுப்பியது. வெர்னாவுக்குக் கண்ணில் புரை விழுந்து, அறுவை செய்தும் சரியாகத் தேறவில்லை. எமிலுக்குச் சிறுநீரகம் போயிற்று. வாரம் மூன்று நாள், விடியும் முன்னே எழுந்து டயாலிசிஸுக்குப் போக வேண்டும். வெர்னா கார் ஓட்ட முடியாது, பிள்ளைகள் டெக்சஸில். ஆகவே நான் ஓட்டினேன். எனக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது, என் முதுகு என்னைத் திட்டாத நாள் கிடையாது. ஆனாலும் ஓட்டினேன்.

ஆறு வருடம் அப்படிப் போயிற்று. போகும்போது எமில் பேசமாட்டார். வரும்போது பேச முடியாது. கை ஊதி, வாய் உலர்ந்து, பின் சீட்டில் சாய்ந்து கிடப்பார். மறுநாள் கொஞ்சம் ஆள் மாதிரி இருப்பார், அதற்கடுத்த நாள் மறுபடியும் கிளம்ப வேண்டும். இரண்டாவது வருடத்தில் ஒரு காலையும் வெட்டி எடுத்தார்கள். போன கோடையில் மருத்துவர் என் முன்னாலேயே சொன்னார்: "தொடர்றதும் நிறுத்துறதும் உங்க இஷ்டம், மிஸ்டர் ஹுடக். நிறுத்தினா ஒண்ணு ரெண்டு வாரம்தான், ஆனா வலியில்லாம நாங்க பார்த்துக்கிறோம்." வெர்னா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அன்றிலிருந்து எமில் ஆரம்பிப்பார், அவள் முடித்துவிடுவாள். நான் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

"வெர்னா, நான் ஒண்ணு யோசிச்சேன்."

"சூப் ஆறுது."

"இல்ல, அந்த டாக்டர் சொன்னாரே..."

"டெஸ், அவனுக்கு இன்னொரு ரொட்டி வை. உப்பில்லாதது."

எனக்குக் கோபம் வரும். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் அவள் பதில் சொல்லியாக வேண்டும். கேட்கவே விடாமல் இருந்தால் இன்னொரு வாரம் ஓடும். ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவனை அனுப்பிவை என்றால் யாரால் முடியும்? அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரைப் பார்த்தாலும் பொறுக்கவில்லை.

இந்த அக்டோபரில் எங்கள் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் அந்தப் படத்தைப் போட்டார்கள். கூரை ஒழுகுகிறது, பணம் வேண்டும். புதுப் பாதிரியார் எங்கிருந்தோ முழுப் படத்தை வரவழைத்துவிட்டார். சனி மதியம், பியரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை ஒரு தட்டும் படமும் சேர்த்து ஒரே டிக்கெட். எமில் வருவேன் என்று அடம் பிடித்தார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் முன்வரிசை ஓரத்தில் நிறுத்தினோம்.

படம் ஓடியது. ஜிப் தெரிந்த இடத்தில் கூட்டமே கைதட்டியது. அப்புறம் எங்கள் ஊரில் யாருமே பார்த்திராத காட்சி வந்தது.

ஓநாயாக மாறுகிறவன் பகல் வெளிச்சத்தில், மனிதனாக, ஒரு மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குச் சாவு கிடையாது. சுட்டாலும் புதைத்தாலும் அடுத்த பௌர்ணமிக்கு எழுந்துவிடுவான். அந்த மம்மியின் கல்லறையில் சாவைத் திருப்பித் தரும் மந்திரம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கடல் தாண்டி வந்திருக்கிறான். "ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கிறேன், டாக்டர். எனக்குப் போதும். என்னைப் படுக்க..." என்கிறான். நல்ல மனது கொண்ட அந்த மருத்துவர் அவன் தோளைத் தட்டி, "உன்னைக் குணப்படுத்தியே தீருவேன்" என்று சொல்லி ஊசியை எடுக்கிறார். அவன் பாதிப் பேச்சோடு வாயை மூடிக்கொள்கிறான்.

வெர்னா என் காதருகே குனிந்தாள். "இதை நான்தான் வெட்டினேன்" என்றாள். "சண்டைல கை வைக்க முடியாது, ஊர் கொன்னுடும். இது வெறும் பேச்சுதானேன்னு எடுத்தேன். கம்பளக்காரனுக்கு இடம் வேணும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைக்குட்டையை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

படம் முடிந்ததும் பாதிரியார் பழைய வழக்கப்படியே யார் ஜெயித்தது என்று கை தூக்கச் சொன்னார். மம்மிக்கு நிறையக் கைகள். ஓநாய்க்கு என்றபோது எமில் தூக்கினார். பின்வரிசையிலிருந்து ஆலையில் கூட வேலை பார்த்த ஜோ சபோல் கத்தினார்.

"என்னப்பா எமில், கட்சி மாறிட்டே? மம்மிக்காக எங்கூட அடிதடி வரைக்கும் வந்தவனாச்சே."

எமில் கையை இறக்கவில்லை. "அவன் சண்டைக்கு வரலடா, ஜோ" என்றார். "படுக்க இடம் கேட்டு வந்திருக்கான். ஒருத்தனும் அவனை முழுசாப் பேசவே விடல. இத்தனை வருஷமா நானும் சேர்ந்துதான் திட்டினேன்."

அவர் வெர்னாவைப் பார்க்கவில்லை. காட்சியை வெட்டியது அவள்தான் என்று அவருக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

திரும்பும்போது மழை தூறியது. வெர்னா வழக்கமாக என் பக்கத்தில் உட்காருவாள். அன்று பின்னால் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மார்க்கெட் தெரு சிக்னலில் நிற்கும்போது சொன்னாள்.

"எமில், சூப் குடிக்கிறப்ப ஒண்ணு சொல்ல வருவியே. சொல்லு."

"இப்பவா?"

"இப்பத்தான். நான் குறுக்க பேசமாட்டேன்."

அவர் சொன்னார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார், நடுவில் மூச்சு வாங்கியது. என்ன சொன்னார் என்று இங்கே எழுதமாட்டேன், அது அவளுக்குச் சொன்னது. நான் காரை மூடிக்கிடந்த ஒரு கடை வாசலில் நிறுத்திக்கொண்டேன். கண்ணாடியில் மழை வழிந்தது, என் கண்ணிலும்தான். வெர்னா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல் விடியும் முன்னே போய் ஹாரன் அடிக்காமல் நின்றேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. வெர்னா வீட்டு அங்கியோடு கார் வரைக்கும் நடந்து வந்தாள். கண்ணாடியை இறக்கினேன்.

"இஞ்சினை அணைச்சுட்டு உள்ள வா. காபி போட்டிருக்கேன்" என்றாள். "எமில் தூங்குறான். நான் எழுப்பல."