சந்தனம் வைத்த மறுநாள்

1. ஆயுத பூஜையன்று அப்பா எங்கள் இரும்புக்கடைக் கணினியை அணைத்து, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்தார்.
2. பின்னால் செருகியிருந்த, பென்டிரைவ் போன்ற சிறு குச்சியையும் கழற்றி, அதற்கும் பொட்டு வைத்து, ஈரத்தோடு திரும்பச் செருகினார். அது இல்லாமல் கடையின் கணக்கு மென்பொருள் திறக்காது.
3. மறுநாள் விஜயதசமி. பில் போடும் அக்கா முதல் பில்லுக்கு உட்கார்ந்தார். மென்பொருள் திறக்கவில்லை.
4. அதை விற்ற நிறுவனத்தை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வேறு குச்சி கிடைக்காது.

நான் படித்தது கணினி. குச்சியைக் கழற்றி, முனையில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்த்தேன். நான்காவது முறை திறந்தது.

அப்பா சிரித்தார். "பாத்தியா, ஓடுதுல்ல? இம்புட்டுப் பயம் எதுக்கு தாயி?"

எனக்குப் பயம் அதன் பிறகுதான் வந்தது. தினமும் எடுத்து வைத்த நகல்களையும் அந்தக் குச்சி இல்லாமல் திறக்க முடியாது என்பதை அன்றுதான் சோதித்துப் பார்த்தேன். பதினோரு வருடச் சரக்குக் கணக்கு, விரல் நீளக் குச்சி ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உடனே வேற சாஃப்ட்வேருக்கு மாத்திரணும்ப்பா."

"நடு வருசத்துலயா? சித்திரைல புதுக் கணக்குப் போடும்போது மாத்திக்கலாம்."

அக்கா பில் கட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அண்ணே, போன வருசமும் சித்திரைன்னுதான் சொன்னீங்க. எந்தச் சித்திரைன்னு சொல்லவே இல்லியே."

"ஏத்தா, நீயும் அவ கூடச் சேந்துட்டியா?"

"பில்லு நின்னா ஆளுக எங்கிட்டத்தானே கத்துவாக."

நடுவில் மாற்றினால் ஆணி, கீல், பூட்டு என ஒவ்வொன்றின் இருப்பையும் கையால் எண்ணிச் சரிபார்க்க வேண்டும், அதில் தவறலாம். சித்திரை வரை காத்திருந்தால் ஆறு மாதம், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் அது மறுபடி திறக்குமா என்று பார்க்க வேண்டும். எண்ணுவதில் வரும் தவறைத் திருத்திக்கொள்ளலாம். திறக்காமலே போனால் திருத்த எதுவும் இருக்காது. அதனால் அடுத்த மாதம் முதல் தேதி என்று காலண்டரில் வட்டம் போட்டேன். அப்பா அதைப் பார்த்தார், அழிக்கவில்லை.

இன்று வரை சரக்குப் பட்டியலும் வாடிக்கையாளர் விவரமும் வெளியே எடுத்தாயிற்று. நான்கு வருடக் கொள்முதல் விவரம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. மறுபடி திறக்காமல் போய்விடக்கூடாதென்று கடைக் கணினியை நாங்கள் அணைப்பதில்லை. முதல் தேதிக்கு ஒன்பது நாட்கள் இருக்கின்றன.