துதிக்கை வரைக்கும் வந்த கடை

காலையில் அலுவலகத்தைத் திறந்ததும் பரஞ்சோதி முதலில் இணைய மோடத்துக்குச் சாம்பிராணி காட்டுவார். பிறகு அதன் தலையிலிருந்து நேற்றைய எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு இன்றைய பழத்தை வைப்பார். பச்சை விளக்கு சிமிட்டினால் அருள். சிவப்பு எரிந்தால் கண்ணேறு. மத்தியானத்துக்குள் பழம் வதங்கிவிடும். அதை வருகிறவர்களிடம் நீட்டி, "பாத்திங்களா, எவ்ளோ திருஷ்டிய இழுத்துருக்கு" என்பார். காற்றுப் போக விட்ட துளைகளைப் பூச்சரம் அடைத்திருப்பதால்தான் அந்தப் பெட்டி கொதிக்கிறது என்று, கணினியில் டிப்ளோமா வாங்கிய அந்தத் தலைக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மலேசியாவின் கெடா மாநிலத்துத் திகாம் பத்துவில் கடைவரிசை ஒன்றின் மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். இணையத்தில் கடை போட்டவர்களின் பக்கங்கள் சட்டென்று திறக்கவும், கூட்டம் வரும்போது படுத்துவிடாமல் இருக்கவும் பார்த்துக்கொள்வது அவர் தொழில். சேலை விற்கிறவர், மசாலைத் தூள் விற்கிறவர், பூமாலை அனுப்புகிறவர் என்று சுங்கைப்பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டார் வரை ஆட்கள் உண்டு. அத்தனை கடைகளையும் மலிவான ஒரே சர்வரில், அந்தக் காலத்துத் தோட்ட லயத்தில் குடும்பங்களைத் திணித்ததைப்போலத் திணித்து வைத்திருக்கிறார். சேலைக் கடையில் கூட்டம் சேர்ந்தால் மசாலைக் கடைக்கு மூச்சு முட்டும். கேட்டால், "சனி வந்து லைன்ல உக்காந்துருக்கான் லா, நான் என்னா செய்ய?" சர்வரை மாற்றச் செலவாகும். சனியின் மேல் பழி போடச் செலவே இல்லை.

அவர் கட்டும் எந்தக் கடைக்கும் வாசலில் பிள்ளையார் உண்டு. கோயில் கமிட்டிக்காரர்கள் பெரிய கேமராவில் எடுத்த படம், எடுத்தபடியே இருக்கும். இருபுறமும் தங்க விளக்கு ஆடும். திறந்த உடனே நாகஸ்வரம் தானாக முழங்கும். பக்கம் சட்டென்று திறக்கப் படத்தைச் சிறிதாக்குவது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. "சாமிய சுருக்கச் சொல்றியா?" என்று கேட்டு அரிச்சுவடியின் வாயை அவர் அடைத்துவிடுவார்.

வேகத்தைச் சோதிக்கவும் ஒரு முறை வைத்திருக்கிறார். தன் புதிய ஹேண்ட்போனில், தன் அலுவலக வைஃபையில், தான் தினமும் திறக்கிற பக்கத்தைத் திறப்பார். அந்தப் படத்தைப் போன் எப்போதோ வாங்கித் தனக்குள் சேமித்துக்கொண்டது. பக்கம் வந்து விழும். உடனே ஒரு சொடுக்குப் போடுவார். சோதனை முடிந்தது.

கோலா கெத்திலில் முறுக்கும் அதிரசமும் போட்டு விற்கும் ஷாமளா அந்தச் சொடுக்கை நம்பியவள். போன தீபாவளிக்கு அவள் கடை மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. டின்னில் அடைத்த முறுக்கு நமுத்துப் போனது. பரஞ்சோதி பூசணிக்காய் உடைத்தார். இந்த ஆண்டு ரப்பர் மரங்களை வெட்டி வீடமைப்புக்காரனுக்கு விற்ற தோட்டத்திலிருந்து, வேலை போன பாப்பம்மாவைத் துணைக்குச் சேர்த்திருக்கிறாள். தீபாவளி வியாபாரம் கை கொடுத்தால் பாப்பம்மாவுக்கு வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் அடுப்பு அணையும்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது இருவரும் மாடியேறி வந்தார்கள். ஆர்டர் வரவில்லை என்று ஷாமளா சொல்லி முடிக்கும் முன்பே பரஞ்சோதி ஹேண்ட்போனைத் தட்டி, சொடுக்கும் போட்டுவிட்டார்.

"பாத்தியா தங்கச்சி, காத்து மாதிரி."

ஷாமளா பார்க்கவில்லை. பாப்பம்மாவின் கண்ணாடி விரிசல் விட்ட பழைய ஹேண்ட்போனை வாங்கி, வைஃபையில் சேர்க்காமல் அதே கடையைத் திறந்து மேசைமேல் வைத்தாள். நெற்றி வந்தது. கண் வந்தது. பாதித் துதிக்கையோடு படம் நின்றுவிட்டது. வீட்டிலும் இப்படித்தானா என்று பரஞ்சோதி பாப்பம்மாவைக் கேட்டார்.

"இப்படித்தாங்க. துதிக்கை வரைக்கும் வரும். கையெடுத்துக் கும்பிட்டுட்டு மூடிருவேன். எங்க லயத்துல எல்லாருமே அப்படித்தான். நல்ல சகுனம்னு நாலு பேருக்கு அனுப்பியும் விட்டோம். அதுல முறுக்கு விக்கிதுன்னு அக்காகிட்ட வேலைக்கு வந்தப்புறந்தான் எனக்கே தெரியும்."

பரஞ்சோதிக்கு மெய்யாகவே மனம் குளிர்ந்தது. எத்தனை கைகள் கூப்பியிருக்கும், எவ்வளவு புண்ணியம் சேர்ந்திருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

"கும்பிட்டவங்க யாரும் முறுக்கு வாங்கலண்ணே. அந்தப் படத்த எடுத்துருங்க," என்றாள் ஷாமளா.

படத்தை எடுத்தால் கடை படுத்துவிடும் என்று பரஞ்சோதி எச்சரித்தார். கோலா கெத்திலில் லைன் சரியில்லை என்றார். தோட்டத்து ஆட்கள் நல்ல போன் வாங்குவதில்லை என்றும் குறைபட்டுக்கொண்டார். அந்தப் பழைய போன்காரர்கள்தான் தங்கள் கடைக்கு வரவேண்டியவர்கள் என்று ஷாமளா சொன்னதும், எலுமிச்சம்பழத்தைத் திருப்பி வைத்தார்.

அப்போது ஷாமளா, அதே விரிசல் போனில், பரஞ்சோதி மாதாமாதம் தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் கட்டணப் பக்கத்தைத் திறந்தாள். விரலை எடுப்பதற்குள் அது வந்து நின்றது. வெள்ளைப் பின்னணி, பெயர், ஒரு பொத்தான். விளக்கு இல்லை, நாகஸ்வரம் இல்லை, தும்பிக்கையின் நிழல்கூட இல்லை.

"இதுல மட்டும் ஏண்ணே சாமி இல்ல?"

பணம் கொடுக்க வந்தவனைக் காக்க வைத்தால் மனம் மாறிப் போய்விடுவான் என்பது பரஞ்சோதிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பக்கத்தைத் தன் கையால் மொட்டையாகச் செய்திருந்தார்.

"அது வேற லா," என்றார்.

ஷாமளா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். பாப்பம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்து போகிற மாதிரி இருவரும் இல்லை.

பரஞ்சோதி கணினியின் பக்கம் திரும்பினார். விளக்கை எடுத்தார்; நாகஸ்வரத்தை நிறுத்தினார்; கடைசியில் படத்தையும் எடுத்தார். மேசையில் கிடந்த விரிசல் கண்ணாடிக்குள் முறுக்கு வந்தது, அதன் கீழே அதிரசம், விலை, வாங்குகிற பொத்தான்.

"முறுக்கு வந்துருச்சுக்கா," என்றாள் பாப்பம்மா, மெதுவாக.

ஷாமளாவின் பக்கம் பரஞ்சோதி திரும்பவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். பிள்ளையார் இருந்த இடத்தைத் திரையில் தேடிப் பார்த்து, கண்ணை மூடி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.