உள்ளே இருக்கிற ஆள்

என் அக்காவோடு நிம்மதியாகப் பேசிவிட்டு எழுந்து போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைத் தங்கமான பெண் என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. உறவுக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் "வாயால கெட்டவ" என்று அவளைச் சொல்கிறார்கள். வாய் அப்படித்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவள் வேலை பார்த்த கடையில் நடந்தது வேறு. அது முழுதாகத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் அவளுக்குத் திருப்புளி என்று பெயர். கொண்டைக்கு ஊசி தேடும் பொறுமை கிடையாது, கையில் இருக்கும் சின்னத் திருப்புளியை, ஸ்க்ரூடிரைவரை, செருகிக்கொண்டு அலைவாள். குத்துகிற மாதிரி பேசுவதாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அவள் ஆறாம் வகுப்பு, நான் இன்னும் பள்ளிக்கே போகவில்லை. அப்பா ஒரு அலுவலகத்தில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பழைய மெஷின்களைக் கழித்துக் கட்டியபோது ஒன்றை வாங்கி வந்தார். கூடத்தில் மேசை போட்டு, பழைய திரைச்சீலையில் உறை தைத்து மூடி வைத்தார். அது வீட்டுப் பிள்ளைகள் முன்னுக்கு வருவதற்காம். பிள்ளைகள் என்றால் நாங்கள் இல்லை. பெரியப்பா மகன், எங்களுக்கு அண்ணன். அவர் அப்போது கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தார். அவரை அப்பா கூப்பிட்டனுப்புவார். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கார் ரேஸ் ஓட்டுவார். அக்கா பின்னால் நின்று பார்ப்பாள். கையை நீட்டினால் அப்பா அதட்டுவார். "கை வைக்காதே" என்பதைத்தான் அந்த வயதில் அவள் அதிகம் கேட்டிருப்பாள்.

ஒருநாள் பொத்தானை அமுக்கினால் படம் வரவில்லை, பீப் பீப் என்று கத்தல் மட்டும். அண்ணன் பார்த்துவிட்டு மானிட்டர் போய்விட்டது என்றார். அப்பா அக்காவைப் பார்த்தார். அவள் தொடவே இல்லை, ஆனால் எங்கள் வீட்டில் எது நின்றாலும் முதலில் அவளைத்தான் பார்ப்பார்கள்.

மறுநாள் மதியம் அவள் அதைத் திறந்தாள். வீட்டில் திருப்புளி இல்லை, அதனால் சமையல் கத்தி. உள்ளே பஞ்சுமெத்தை மாதிரி தூசி. ஒரே ஒரு பாகம்தான் அவள் இழுத்ததும் கையோடு வந்தது. சீப்பு மாதிரி நீளமாக, ஓரத்தில் தங்க நிறப் பற்களோடு. ரேம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டாள். பல் கறுத்திருந்தது, ரப்பரால் தேய்த்தாள். திரும்பச் செருகினாள். படம் வந்துவிட்டது.

அப்பா வேலையிலிருந்து திரும்பியபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முதலில் திரையைப் பார்த்தார், பிறகு நுனி வளைந்த கத்தியைப் பார்த்தார்.

"ஓடுதுப்பா" என்றாள்.

"ஓடுதான்னு கேக்கல. திறந்தியா?"

திறந்தேன் என்றாள். அறை விழுந்தது. கத்தி வீணாய்ப்போனதற்காக அம்மா தனியாக ஒரு பாட்டம் திட்டினாள். ஓடியதைப் பற்றி இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கைக்குக் கிடைத்த ரேடியோ, மிக்ஸி, பக்கத்து வீட்டுப் பிரிண்டர் எல்லாம் பிரித்தாள். சிலது ஓடியது, சிலது குப்பைக்குப் போனது. பள்ளி முடித்ததும் அடம்பிடித்து ஹார்டுவேர் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே நல்ல மெஷின்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பிரித்துப் பழகச் செத்த மெஷின் ஒன்று. எத்தனையோ கைகள் கழற்றிக் கழற்றி அதன் திருகாணிகள் தலை மழுங்கிப் போயிருந்தன. அவள் அதையே மறுபடி மறுபடி கழற்றினாள். ஒருநாள் அலமாரிச் சாவி எங்கே என்று சாரிடம் நேராகக் கேட்டாள். சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இதற்குள் பெரியப்பா மகன் மாடியில் ஒரு சர்வீஸ் கடை திறந்திருந்தார். வெளியே எங்கேயும் வேலைக்குப் போகக் கூடாது, நம்ம பையன் கடைக்கு வேண்டுமானால் போ என்றார் அப்பா. அவள் போனாள்.

கடைக்கு நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. முன்னால் கண்ணாடி மேசை, சுழலும் நாற்காலி, இஸ்திரி போட்ட சட்டையில் அண்ணன். பின்னால் ஜன்னல் இல்லாத இடத்தில் ஒரு மேசை, விளக்கு, பூதக்கண்ணாடி, சால்டரிங் புகை, அக்கா. வாடிக்கையாளர் வந்தால் அண்ணன் மெஷினை வாங்கிக்கொண்டு, "உள்ளே ஆள் இருக்கார், பார்த்துடுவார்" என்பார். அந்த ஆள் ஒரு பெண் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், பெண் கை பட்டதென்றால் வேலையைக் குறைத்து மதிப்பார்கள் என்று காரணம் சொன்னார். ஒரு வாடிக்கையாளர் சந்தோஷப்பட்டு "அவருக்குக் குடுங்க" என்று சிகரெட் பெட்டி ஒன்று வைத்துவிட்டுப் போனார். அண்ணன்தான் பிடித்தார்.

தடுப்பு வழியாக எல்லாம் அவளுக்குக் கேட்கும். கீபோர்டில் சர்க்கரைத் தண்ணீரைக் கொட்டியவரும், மடியிலிருந்து லேப்டாப்பைக் கீழே போட்டவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: தானாவே நின்னுடுச்சு. அவர்கள் போனதும் அக்கா அண்ணனிடம் பாய்வாள். "தானா நிக்க அது என்ன பஸ்ஸா?" என்ன நடந்தது என்று கேட்டு வாங்க வேண்டியது அவர் வேலை, அவர் கேட்பதில்லை என்பது அவள் புகார். முன்னால் உட்கார்ந்து சிரித்துப் பார், அப்புறம் தெரியும் என்பார் அவர். உட்காரட்டுமா என்பாள் இவள். அதோடு பேச்சு நிற்கும். இப்படியே வருஷங்கள் ஓடின. ஒருவரை ஒருவர் பிடிக்காமலே இரண்டு பேரும் அந்தக் கடையை நடத்தினார்கள்.

இப்போது அவள் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லேப்டாப்பின் அடிமூடியில் உள்ள திருகாணிகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. சில குட்டை, சில நெட்டை. குட்டை போக வேண்டிய ஓட்டையில் நெட்டையைப் போட்டு இறுக்கினால் அது மூடியைத் தாண்டி உள்ளே போர்டைத் துளைத்துவிடும். போர்டில் தலைமுடியை விட மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. ஒன்று அறுந்தாலும் மெஷின் கட்டை. அதனால் அவள் ஒரு அட்டையில் அந்த லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டி, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் பதித்து வைப்பாள். மூடியபின் இடது மூலைத் திருகாணியின் தலையில் பச்சை நகப்பூச்சு ஒரு பொட்டு. அந்தப் பொட்டு உடைந்திருந்தால் அவளுக்குப் பிறகு வேறு யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவள் நகத்துக்கு அந்தப் பச்சையைப் போட்டு நான் பார்த்ததில்லை.

அண்ணனுக்கு வேறொரு வழக்கம். ஏதாவது மெஷினில் ரேம் சந்தேகம் என்றால், வேலை முடிந்து அலமாரியில் காத்திருக்கும் இன்னொருவர் மெஷினைத் திறந்து அதன் ரேமை எடுத்துப் போட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். கொஞ்ச நேரத்துக்குத்தானே என்பார். இதற்காகவும் அவர்களுக்குள் நடந்த சண்டை கொஞ்சமல்ல.

வீட்டுப் பிளான் போட்டுக் கொடுக்கும் ஒரு அம்மா லேப்டாப் கொண்டுவந்தார். ஃபேன் இரைச்சல். அக்கா சுத்தம் செய்து மூடி, ஓட்டிப் பார்த்து அலமாரியில் வைத்தாள். அந்த அம்மா எடுத்துப் போனார். வீட்டில் போய் அமுக்கினால் உயிரே இல்லை. திரும்ப வந்து கண்ணாடி மேசையில் அதை வைத்தபோது அவர் போட்ட சத்தம் கீழே தெருவரை கேட்டதாம். நாலு குடும்பத்தின் பிளான் அதில்தான் இருந்தது. அண்ணன் பணிவாகப் பேசி, மறுநாள் வரச் சொல்லி அனுப்பினார். லேப்டாப்பை உள்ளே அக்கா முன்னால் வைத்தார்.

"உன் வேலைதான். பாரு."

அவள் கவிழ்த்துப் பார்த்தாள். பச்சைப் பொட்டு இருந்தது. இடது மூலையில் மட்டும் இல்லை, எல்லாத் திருகாணியிலும் இருந்தது. அண்ணன் அவளுடைய பாட்டிலை எடுத்து, அவள் செய்கிற மாதிரி இருக்கட்டும் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போயிருக்கிறார். திறந்தாள். நெட்டைத் திருகாணி ஒன்று போர்டைத் துளைத்துக்கொண்டு நின்றது.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. ரேமுக்காகத் திறந்தேன், மூடும்போது மாறிப்போயிருக்கும், அதற்கு இப்போது என்ன செய்யச் சொல்கிறாய் என்றார். பிறகு வழியும் சொன்னார். தவறு டெக்னீசியனுடையது, அவரை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிடுவார். கடையின் பெயர் தப்பிக்கும். அவள் வழக்கம்போல உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

"என் பேரு?" என்றாள்.

"எந்தப் பேரு? நீ ஒருத்தி இங்க இருக்கேன்னே வெளியே யாருக்கும் தெரியாது."

அன்று சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அப்பா கேட்டுவிட்டு, அவன் சொல்வதில் என்ன தப்பு என்றார். கடை முதலாளியே தப்புப் பண்ணினான் என்றால் நாளைக்கு யார் படியேறுவார்கள், யாரோ ஒரு ஆள் பண்ணினான் என்றால் மறந்துவிடுவார்கள், அவளுக்கு என்ன குறைந்துவிடும் என்றார். அக்கா, குறைகிறதா இல்லையா என்று தனக்குத்தான் தெரியும் என்றாள். அம்மா சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுங்கள் என்றாள். யாரும் சாப்பிடவில்லை, சண்டையை மட்டும் போட்டார்கள். கடைசியில் அப்பா, நாளைக்கு அந்த அம்மா முன்னால் வாய் திறந்தால் அந்தக் கடையும் இல்லை, வேறு கடையும் இல்லை, வீட்டோடு கிட என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் அவள் கேட்டது ஒரு மேசையும் விளக்கும்தான். அது போகும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எதற்கு என்று சொல்லவில்லை. தடுப்புக்குப் பின்னால் ஸ்டூலில் உட்காரவைத்தாள். அந்த அம்மா வந்தார். அண்ணன் எழுந்து நின்று, மன்னிப்புக் கேட்டு, அந்த ஆளை நேற்றே அனுப்பிவிட்டேன், பொறுப்பில்லாத ஆள், நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்று ஆரம்பித்தார்.

அக்கா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"அந்த ஆள் நான்தாங்க. இதை நான் சுத்தம் பண்ணி ஓட்டிப் பார்த்து வச்சேன். அப்புறம் இவர் திறந்தார். ஸ்க்ரூவை மாத்திப் போட்டதுல போர்டு போச்சு."

அண்ணன் சிரிக்க முயன்றார். வீட்டுப் பெண், கோபத்தில் பேசுகிறாள் என்றார். அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது அசதி மட்டும்தான். அவர் அக்கா பக்கம் பேசுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

"உங்க குடும்பச் சண்டையை எங்கிட்ட ஏன் காட்டுறீங்க? என் பிளான் வருமா, வராதா?"

வரும் என்றாள் அக்கா. பிளான் இருக்கும் ஹார்டு டிஸ்க் தனி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கழற்றி வெளிப்பெட்டியில் போட்டு, வேறு மெஷினில் செருகித் திறந்து காட்டினாள். பிளான்கள் எல்லாம் இருந்தன. நேற்றே இதைச் சொல்லியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேனே என்றார் அந்த அம்மா. அக்காவும் நேற்று முழுக்கத் திருகாணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டு, போர்டுக்கு ஒரு முடிவு சொல்லியாக வேண்டும் என்று அண்ணனிடம் கறாராகச் சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

அண்ணன் அவளுடைய பையை எடுத்து மாடிப்படி அருகே வைத்தார். அவள் திரும்பி உள்ளே போய், தன் காசில் வாங்கிய சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள். அவசரப்படவில்லை. அவர் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்பா சொன்னபடி அவள் வீட்டோடு கிடக்கவில்லை. அடுத்த வாரமே கீழ்த்தெருவில் ஒரு செல்போன் கடையில் சேர்ந்துவிட்டாள். அங்கே மேசை வாசலிலேயே இருக்கிறது. வாயைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி அந்தக் கடைக்காரர் தினமும் கெஞ்சுகிறார். குறைத்துக்கொள்ளவில்லை. அப்பா அவளோடு பேசுவதில்லை. அவளும் பேசுவதில்லை. சாதம் போதுமா என்பதைக்கூட அம்மா மூலமாகத்தான் கேட்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தார். எதுவும் நடக்காத மாதிரி கூடத்தில் உட்கார்ந்தார். அக்கா எழுந்து உள்ளே போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு செல்போனின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கடையில் இப்போது உள்ளே யாரும் இல்லை, மெஷின்களை வெளியே கொடுத்துச் செய்வதாக அண்ணன் அப்பாவிடம் சொன்னார். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். அவள் தலை நிமிரவில்லை. அப்பா கூடத்துக்குப் பொதுவாகப் பார்த்து, அண்ணனுக்குத் தண்ணி கொண்டு வாங்க என்றார்.

அக்கா அசையவில்லை. நானும் அசையவில்லை. அம்மா அடுக்களை வாசல்வரை வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பிறகு அண்ணன் எழுந்து போய், தானே எடுத்துக் குடித்தார்.