அக்குளில் இரண்டு எலுமிச்சம்பழம்

லடாக் பாலைவனம் என்றார்கள். பள்ளிக்கூடம் பக்கமே ஒதுங்காத நான், வெயில் காயும் என்று நம்பி, இரண்டு பனியனோடு சங்ககிரியிலிருந்து லாரியில் லோடு ஏற்றிப் போனேன். ஐப்பசிக் கடைசியில் அங்கே அடிவாரத்தில் மழை, மலையில் பனி. பாலைவனமும் என்னைப் போல் படிக்காதது போலிருக்கிறது.

லோடு இறக்கித் திரும்பும்போது, கணவாய்க்குக் கீழே ஒரு நாமக்கல் லாரி வழியை அடைத்து நின்றது. மத்தியானத்துக்குள் தாண்டாவிட்டால் பனி மூடிவிடும். அப்புறம் சித்திரையில்தான் ஊர். அதன் டிரைவரோ குரங்குக் குல்லாயும் நெற்றி நிறையத் திருநீறுமாக, கைகளை அக்குளில் செருகி நின்றார்.

"ஏனுங்கண்ணா, வண்டி எடுக்கலீங்களா?"

"எலுமிச்சம்பழம் கல்லாட்டம் உறைஞ்சுபோச்சுங்க சாமி. நசுங்கோணுமில்ல, சூடு காட்டீட்டிருக்கறேன்."

முன்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பழம் நசுக்காமல் ஒருநாளும் கிளம்பமாட்டாராம்.

"என்னுது காலைல டயர்ல நசுங்காம பந்தாட்டம் ஓடிப்போச்சுங்க. நானும் அப்படியே வந்துட்டேன்."

"அதுதான் உங்களுக்கு முன்னால போகப் பயமா இருக்குது."

அரைமணி கழித்து ஒரு பழத்தைத் தன் டயருக்கடியில் வைத்தார். மற்றதை என்னிடம் நீட்டினார். வெதுவெதுவென்று இருந்தது.

"உங்க இன்னொரு சக்கரத்துக்குங்க?"

"ஒண்ணு போனா மத்ததும் கூட வந்துதானுங்க ஆகோணும்."

இரண்டு வண்டியும் தாண்டிவிட்டன.

சங்ககிரியில் இப்போதும் ஒரே பழம்தான் வைக்கிறேன், சற்று நேரம் அக்குளில் வைத்திருந்துவிட்டு. இந்த வெயிலில் எதற்கு என்று சம்சாரம் கேட்கிறாள். பதில் சொல்லுமளவுக்கு நான் படிக்கவில்லை.