மூடுபனிக்குள் படியேறிய மாமா

இன்று நுவரெலியா டவுனில் முன்னாள் படைவீரர்களைக் கௌரவிக்கும் விழா. நான் போனது பேண்ட் வாத்தியத்துக்காக மட்டும்தான். ட்ரம்பெட் சத்தம் கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது!

பக்கத்தில் வட்டவளையிலிருந்து வந்த ஓர் ஆன்ட்டி. அவர் கணவர் ஆர்மியில் லொறி ஓட்டியவர். கண்ணிவெடியில் ஒரு கால் போய், இப்போது செயற்கைக்கால். இன்று அவருக்கும் பதக்கம்.

"தம்பி, ஒங்க போன்ல வீடியோ எடுத்துத் தாங்களேன். மக கத்தார்ல இருக்கா. யாரு கையையும் புடிக்காம மேடையேறணும்னு இவரு தெனமும் எங்க தோட்டத்து லய வீட்டுப் படியில ஏறி எறங்குனாரு. அத அவ பாக்கணும்."

"சினிமா மாதிரி எடுத்துத் தாறேன் ஆன்ட்டி!"

மாமாவின் பெயரைக் கூப்பிடும் நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. முதலில் கொடி மறைந்தது. பிறகு ட்ரம்பெட்காரர்கள். பிறகு மேடை. எல்லோரும் ஒரே கனவுக்குள் நிற்பது போல இருந்தது. நான் வெறும் வெள்ளையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பேண்ட் ஓய்ந்திருந்தது. மரப்படியில் ஒரு சப்பாத்துக் காலின் சத்தம். அதன்பின் ஒரு 'டொக்'. மறுபடி சப்பாத்து, மறுபடி டொக்.

"அவருதான்!" ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பயந்துகொண்டே வீடியோவை அனுப்பினோம். மகளின் குரல் உடனே வந்தது.

"அம்மா, சத்தத்த கேட்டேன்! அப்பா ஒரு படியிலகூட நிக்காம ஏறிட்டாரும்மா!"

வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லாத அந்த வீடியோவை பஸ்ஸில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்தக் கேமராமேனுக்கு எத்தனை ஸ்டார் குடுப்பீங்க, மக்களே?