கதைக்கும் மேட்சிங் பார்க்கும் தஸ்லீம்

ஒரு கையில் புடவை, மறு கையில் புடவைக்காரியின் மகள். இரண்டையும் இழுத்துக்கொண்டு தஸ்லீம் கடை வாசற்படிக்கு வந்துவிட்டார். பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் மே மாத வெயில் சுள்ளென்று அடிக்கிறது. முதலில் முந்தானையை வெயிலில் விரிக்கிறார். “பாத்தீங்களா அக்கா? உள்ள ஊதாவா தெரிஞ்சுது. இங்க பாருங்க, சுத்தமான கத்திரிப்பூ. டியூப்லைட்டு பொய் சொல்லும்ங்க.” புடவையை அம்மாவிடம் தள்ளிவிட்டு, அடுத்ததாகப் பெண்ணின் தோளைப் பிடித்து வெயில் பக்கம் திருப்புகிறார்.

“சொல்லு கண்ணு. இப்போ உனக்கு யாரு மேல கோவம்?”

பெண் திருதிருவென்று விழிக்கிறாள். ரவிக்கைத் துணி எடுக்க வந்த இடத்தில் இதென்ன விசாரணை? அம்மாவுக்கு இது பழக்கம் போலிருக்கிறது. “சொல்லுடி, அக்கா கதைபுக்கு குடுப்பாங்க” என்கிறாள்.

“கணக்கு மிஸ் மேல.”

“பொய்யி. அதெல்லாம் பரீட்சையோட போயிருக்கும். இப்போ யாரு மேல?”

செருப்பைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண் சொல்கிறாள்: “ஒருத்தி மேல. போன வருசம் வரைக்கும் என் ஃப்ரெண்டா இருந்தா.”

‘அப்படி வா வழிக்கு’ என்று தலையை ஆட்டிவிட்டு தஸ்லீம் உள்ளே போகிறார்.

சுபான் மேட்சிங் சென்டர் என்று பலகை சொன்னாலும், ஊரில் எல்லோருக்கும் அது தஸ்லீம் கடைதான். குறுகலான கடை. தரையிலிருந்து கூரை வரை ரவிக்கைத் துணி, மஞ்சளிலேயே ஒரு முழு வரிசை, பச்சையில் இன்னொரு வரிசை. லைனிங் துணிக்கென்று செய்த கீழ் அலமாரியில் லைனிங் துணி இல்லை. அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்பவை எல்லாம் நாவல்கள். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்காரர்கள் படிக்கிற இளையோர் நாவல்கள். லைனிங் துணி பாவம், மூலையில் சாக்குப் பைக்குள் கிடக்கிறது.

மேட்சிங் பார்க்க வருகிற பெண்கள் கடையை விட்டுச் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார்கள். பள்ளி லீவில் கூடவே இழுத்து வரப்பட்ட பிள்ளைகள் முக்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விடும், போனைத் தேய்க்கும், சார்ஜ் தீர்ந்ததும் அம்மாவைப் பிடுங்கும். அந்தத் தொல்லை தாங்காமல்தான் தஸ்லீம் தான் படிப்பதற்கு வாங்கி வைத்திருந்த புத்தகத்தில் ஒன்றை முதன்முதலில் ஒரு பிள்ளையின் மடியில் போட்டார். அந்தப் பிள்ளை அதைக் கீழே வைக்காமல் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது. அன்று பிடித்த பைத்தியம் இது. ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் தொடங்கும், ஜூனில் திறக்கும்போதுதான் தெளியும்.

ஆமாம், அவரும் அந்த வகைக் கதைகளைத்தான் படிப்பார். நாற்பத்து நான்கு வயதில் இதென்ன என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. “பெரியவங்க கதையில எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்ங்க. யாரோ யாரையோ கட்டியிருப்பாங்க, யாரோ செத்திருப்பாங்க. பதினஞ்சு வயசுல ஒண்ணுமே முடிஞ்சிருக்காது. அதான் எனக்கு ஜாலி.”

கதையைச் சொல்லவே மாட்டார். பின்னட்டையையும் படிக்க விடமாட்டார். “இதுல ஒருத்தி வருவா. அவளுக்கும் உன் கோவம்தான்.” அவ்வளவுதான் சிபாரிசு. பிறகு கத்தரியை எடுத்து, வெட்டி மிஞ்சிய துணியில் ஒரு நீளத் துண்டு நறுக்கி, அதையும் இரண்டாக்குவார். ஒரு பாதி புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு. மறு பாதி கல்லாவுக்கு மேலே கட்டிய கம்பியில். யார் எதை எடுத்துப் போனார்கள் என்று எழுதி வைக்கிற வேலையே கிடையாது. மே மாதம் நடுவில் பார்த்தால் அந்தக் கம்பியில் வானவில்லே தொங்கும். புத்தகம் திரும்பி வந்ததும் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்து, சரியென்றால் குப்பையில் போட்டுவிடுவார்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பார்ப்பார். உள்ளே துண்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? கடைசிப் பக்கத்தில் இருந்தால் முகம் பூரித்துப்போகும். எட்டாம் பக்கத்திலேயே கிடந்தால் பிள்ளையை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். “இது என் தப்பு கண்ணு. மேட்சிங் போயிடுச்சு. வா, திரும்ப வெயிலுக்கு.”

மேட்சிங் போனதும் உண்டு, போகாமல் என்ன! ஒருநாள் மலை மேல் மேகம் கட்டிக்கொண்டு நின்றது. அந்த வெளிச்சத்தில், வாடிக்கைக்காரி செல்லியின் மகள் மலர்விழியின் முகத்தைப் பார்த்து, துணிச்சல்காரி என்று முடிவு கட்டி, கிணற்றுக்குள்ளிருந்து குரல் கேட்கிற ஒரு பேய்க் கதையை எடுத்துக் கொடுத்துவிட்டார். நாலே நாளில் செல்லி கடை வாசலில் வந்து நின்றாள். “என்னா புக்கு குடுத்தீங்க நீங்க? ராத்திரியில பாத்ரூம் போவ என்னை எழுப்பறா. நான் தூங்கறதா வேணாமா?”

“அன்னிக்கு மேகமுங்க அக்கா. முகம் சரியா தெரியல” என்றார் தஸ்லீம், துணி சாயம் போனதற்குச் சமாதானம் சொல்கிற அதே குரலில்.

செல்லி புத்தகத்தை மேஜை மேல் வைத்தாள். திரும்பிப் போனாள். படி வரைக்கும் போய்விட்டு மறுபடி வந்தாள். “அது சரி, அந்தக் கெணத்துல யாருதான் இருந்தாங்க? அவ பாதியோட மூடிட்டா. நானும் அது வரைக்கும்தான் படிச்சேன்.” புத்தகம் செல்லியோடு வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இப்படிப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற தஸ்லீமின் கை, சொந்த வீட்டில் மட்டும் பலிக்கவில்லை. ஒரே மகள் அஃப்சானா. இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். சேலத்தில் கல்லூரி, ஜூனில் விடுதிக்குப் போகிறாள். கெட்டிக்காரிதான். ஆனால் அம்மா கொடுத்த கதை ஒன்றைக்கூட அவள் முடித்ததில்லை. “அம்மி, உன் டேஸ்ட்டு எனக்கு செட் ஆவாது” என்று குர்த்தியைச் சொல்கிற மாதிரியே நாவலையும் சொல்லிவிடுவாள்.

அவள் போவதற்குள் ஒரே ஒரு புத்தகம். இந்தக் கோடையில் தஸ்லீமுக்கு வேறு ஆசையே இல்லை. தான் எடுத்துக் கொடுத்ததை மகள் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுப் போக வேண்டும். அதற்காகத் தேர்ந்தெடுத்து அடுக்கினார். ஏழையாய்ப் பிறந்து டாக்டரான பெண்ணின் கதை. தைரியமாக ஊரை எதிர்த்து நின்ற பெண்ணின் கதை. மலையேறிப் பரிசு வாங்கிய பெண்ணின் கதை. சார்ஜர் பக்கத்தில் ஒன்று, தலையணைக்குக் கீழே ஒன்று என்று வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் துண்டு எட்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. மலையேறியவள் மூன்றாம் பக்கத்திலேயே நின்றுபோனாள். தஸ்லீமுக்கு அழுகை அழுகையாய் வந்தது.

கணவர் அப்துல் சுபான் துணியைப் போலவே வார்த்தையையும் அளந்து கிழிக்கிறவர். புத்தகத்துக்கு ஓர் அலமாரி போட்டுக் கொடுங்கள் என்று தஸ்லீம் கேட்கும்போதெல்லாம், “போட்டுடலாம், நோம்பு முடியட்டும்” என்பார். எத்தனையோ நோன்பு வந்து முடிந்துவிட்டது. சாக்குப் பையில் லைனிங் துணி அப்படியேதான் இருக்கிறது. அந்த மனிதர்தான் ஒரு மதியம், ஆள் நடமாட்டம் ஓய்ந்த நேரத்தில், துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“ஊருப் புள்ளைங்களயெல்லாம் வெயில்ல நிக்க வெச்சுக் கேக்கற. நம்ம புள்ளைய என்னிக்காவது கேட்டியா?”

தஸ்லீமுக்குச் சுருக்கென்றது. “அவள எனக்குத் தெரியாதா? பெத்தவ நானு!”

“வர்றவங்களும் அப்படித்தான் சொல்றாங்க. என் பொடவ கலரு எனக்குத் தெரியாதான்னு.”

சொல்லிவிட்டுச் சுபான் அடுத்த துணியைச் சுற்றப் போய்விட்டார். தஸ்லீம் அடுக்கியிருந்த மஞ்சள் வரிசையைக் கலைத்து மறுபடி அடுக்கினார். கோபம் கணவர் மேலா, தன் மேலா என்று அவருக்கே பிடிபடவில்லை.

மறுநாள் அஃப்சானா சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வந்தாள். தூக்கை வாங்கி வைத்த கையோடு தஸ்லீம் அவளைப் பிடித்து வாசற்படிக்கு இழுத்தார்.

“ஐயோ அம்மி, விடு! ரோட்டுல எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். நில்லு.”

உச்சி வெயிலில் மகளின் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் முடியை இழுத்துவிட்டு மறைத்த பரு. கண்ணுக்குக் கீழே லேசான கருப்பு. இவள் தூங்குகிறாளா இல்லையா? வீட்டில் இது எதுவும் கண்ணில் படவில்லையே.

“யாரு மேல கோவம் உனக்கு?”

அஃப்சானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிரே நின்ற மாம்பழ வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “உன் மேலதான்” என்றாள்.

“எம்மேலயா? நான் என்னா பண்ணேன்?”

“வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் என்னா கோவம்னு கேக்கற. எங்கிட்ட மட்டும் ‘இந்தா, இதப் படி, நல்லாருக்கும்’. ஹாஸ்டலு போவப் போறா, ஒரே சந்தோசம்னு நீயே எல்லார்ட்டயும் சொல்ற. எனக்கு பயமா இருக்கு அம்மி. வூட்டுல யாரும் அதக் கேக்கவே இல்ல.”

வேறு யாராக இருந்தாலும் தஸ்லீம் எதிர்த்துப் பேசியிருப்பார். இப்போது மகள் தலைமுடியை ஒதுக்கிவிடக் கையை நீட்டினார், வெயிலில் தெரு பார்க்கிறதே என்று அவள் கூச்சப்படுவாள் என நினைத்து மடக்கிக்கொண்டார்.

உள்ளே போய் கீழ் அலமாரியின் முன்னால் குந்தினார். அம்மா மேல் கோபமாக இருக்கிற பெண்ணின் கதை அங்கே ஒன்று உண்டு. கடையிலேயே அதிகமாக ஊர் சுற்றிய புத்தகம் அதுதான். முதல் பிரதி கிழிந்துபோய் இரண்டாவதும் வாங்கியாயிற்று. அதில் வரும் மகளும் தாயும் கதை முழுக்கச் சண்டை போடுவார்கள், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும். எத்தனை பெண்களின் கையில் அதைத் திணித்திருப்பார்! அடுத்த வீட்டுப் பெண்களுக்கான கதை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

“இதுல ஒருத்தி வருவா” என்று ஆரம்பித்தவர் மிச்சத்தை விழுங்கிவிட்டார். கத்தரியை மகளிடம் நீட்டினார். “கலரு நீயே எடு.”

அஃப்சானா மஞ்சளையும் பச்சையையும் தாண்டிப் போய், சாம்பல் நிறத் துண்டு ஒன்றைப் பொறுக்கினாள். இத்தனை கலர் இருக்க இந்த அழுமூஞ்சி நிறமா என்று நாக்கு நுனி வரை வந்தது தஸ்லீமுக்கு. சொல்லவில்லை. சாம்பல் பாதி வானவில்லுக்கு நடுவில் கம்பியில் ஏறியது.

அப்புறம் வந்த நாட்கள் அவருக்குப் பெரிய சோதனை. படிக்கிறாளா என்று கேட்கக் கூடாது, கேட்டால் கெட்டது. மகள் அறையைத் தாண்டும்போதெல்லாம் கழுத்து தானாகத் திரும்பும். ஒருநாள் புத்தகம் ஜன்னலில் இருந்தது. ஒருநாள் காணவே இல்லை. கடையிலும் கவனம் தப்பியது, ஒரு அம்மாள் கிளிப்பச்சை கேட்டதற்கு மயில்பச்சை கிழித்துக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கினார். ஆனால் அஃப்சானாவிடம் கதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேறு கேட்டார். விடுதியில் எத்தனை பேர் ஒரு அறையில், சாப்பாடு எப்படி, எதை நினைத்தால் பயம். அவளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

விடுதிக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு காலையில் அவள் கடைக்கு வந்து புத்தகத்தை மேஜை மேல் வைத்தாள். தஸ்லீம் கம்பியிலிருந்து சாம்பல் பாதியை எடுத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார். எட்டாம் பக்கம் காலி. பாதியில் பார்த்தார், அங்கும் இல்லை. கதை முடிந்து, அதற்கப்புறமும் ஒரு வெற்றுப் பக்கம் வருமே, துண்டு அங்கே இருந்தது. கொஞ்சம் கசங்கி, ஓரம் பிரிந்து. தஸ்லீமுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு பாதியையும் உள்ளங்கையில் சேர்த்து வைத்துக்கொண்டு, எப்படி இருந்தது என்று கேட்கத் தலையை நிமிர்த்தினார்.

“அம்மி, வெளிய வா” என்றாள் அஃப்சானா.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசற்படியில் நிறுத்தினாள். அம்மாவின் தோளைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள். முக்காட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“சொல்லு. உனக்கு யாரு மேல கோவம்?”

பாதி ஊரைக் கேட்டவரை இதுவரை யாரும் கேட்டதில்லை. தஸ்லீமுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது, வெயில் மேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிக் கடைக்குள், மூலையில் கிடந்த லைனிங் துணிச் சாக்குப் பையையும் கணவரையும் பார்த்தார். அம்மா பார்த்த பக்கமே அஃப்சானாவும் பார்த்தாள்.

உள்ளே அப்துல் சுபான் துணி சுற்றுவதை நிறுத்தினார். ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். துணி அளக்கிற மீட்டர் கம்பியை எடுத்துக்கொண்டு போய், கல்லாவுக்குப் பின்னால் இருந்த காலிச் சுவரில் வைத்து அளக்க ஆரம்பித்தார்.